ஆறு சுற்று கேட்டவள்

எங்கள் கடையில் யாரும் சொன்ன விலைக்குச் சேலை வாங்கியதில்லை. அப்படி யாராவது வாங்கிக்கொண்டு போய்விட்டால் அப்பாவுக்கு அன்று சோறு இறங்காது. இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு பக்கம் வருத்தம். அந்த அம்மாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையோ என்று மறுபக்கம் கவலை. மலேசியாவின் கிள்ளானில், தெங்கு கிளானா சாலையில், எங்கள் வரிசைக் கடைகள் எல்லாவற்றிலும் இதுதான் நடைமுறை. கடைக்காரர் ஏற்றிச் சொல்வார். வந்தவர் பாதியில் பிடிப்பார். இருவரும் சலித்துக்கொண்டே நடுவில் வந்து சந்திப்பார்கள். இதில் பொய் கிடையாது. பொய் என்றால் ஒருவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. இங்கே இரண்டு பேருக்கும் தெரியும்.

என் தங்கை குமுதா இந்தக் கல்லாவுக்குப் பின்னால் தவழ்ந்து வளர்ந்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் வானியல் ஆய்வாளர். ஆனாலும் தீபாவளி வாரத்தில் ஆள் பற்றாது என்று அப்பா ஒரு குரல் கொடுத்தால், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சேலை மடிக்க வந்தாக வேண்டும். அன்று பகலும் அப்படித்தான் வந்திருந்தாள், தொலைநோக்கியின் காவல்முறையையும் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு.

அந்தத் தொலைநோக்கி பூமிக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. நாலு நாடுகள் கூட்டுச் சேர்ந்து அனுப்பியது. எங்கேயோ எட்டாத தூரத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் செத்து விழும்போது காமாக் கதிராக ஒரு வெடிப்பு கிளம்பும். சில வினாடிகளில் முடிந்துவிடும். எந்தத் திசையில், எப்போது என்று யாருக்கும் தெரியாது. பலமான வெடிப்பு என்றால் தொலைநோக்கி தானாகவே அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். மெலிதாக இருந்தால், அது நிஜ வெடிப்பா, கருவியின் வெறும் இரைச்சலா என்று ஒரு மனிதர் பார்த்து, திருப்பச் சொல்ல வேண்டும். முறை வைத்து ஆள் மாறுவார்கள். அன்று பகலுக்கு அந்த மனிதர் குமுதா.

அப்பா இதைத் தன் பாஷையில் புரிந்துவைத்திருந்தார். "ஒரே லோரி, பத்து முதலாளி. ஒருத்தன் சரக்க எறக்குனாத்தான் இன்னொருத்தன் சரக்கு ஏறும். அதானே?" குமுதா யோசித்துப் பார்த்துவிட்டு, அதேதான் என்றாள்.

அன்று மாலை லோரியில் ஏறவேண்டியது ரஞ்சனின் சரக்கு.

ரஞ்சன் அவளோடு வேலை செய்பவன், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரன். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா ரயில்வேயில் குமாஸ்தா, அப்பா அரசாங்கத் தணிக்கையாளர். விலைச்சீட்டு ஒட்டாத சட்டையைத் தொடக்கூட மாட்டார்கள். அவன் ஆராய்வது ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்களை. ஒன்று பெரியது, மற்றது செத்துச் சுருங்கியது. மூன்றரை வருடத்துக்கு ஒருமுறை இரண்டும் உரசிக்கொள்கிற மாதிரி நெருங்கும். நெருக்கம் சில மணி நேரம்தான். போனமுறை தொலைநோக்கி பழுதில் கிடந்தது. இந்தமுறை அவனுக்கு மூன்று சுற்று ஒதுக்கியிருந்தார்கள். சுற்று என்பது தொலைநோக்கி பூமியை ஒருதரம் வலம் வரும் நேரம், ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நெருக்கம் வரைக்கும் அவன் வேலை ஒப்பந்தம் தாங்காது. இன்று விட்டால் விட்டதுதான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் நல்ல கூட்டம். ஜெஞ்சாரோமிலிருந்து வந்த ஓர் அக்கா, மாம்பழ மஞ்சள் சேலை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பிழிந்துகொண்டிருந்தார். அப்போதுதான் குமுதாவின் கைப்பேசி விட்டு விட்டு அலறியது. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அவள் சேலைக்கட்டை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். திரையில் ஒரு நெளிகோடு. நடுவில் சின்னதாக ஒரு மேடு.

"இதுவா வெடிப்பு?" என்றேன். "எங்க கரண்ட் பில்லு இதைவிட ஏறும்."

"மெலிசுதான். ஆனா பாரு லோகன் அண்ணே, ஏறுறது டக்குனு, எறங்குறது மெதுவா. இரைச்சல் இப்படி எறங்காது." அவள் நகத்தைக் கடித்தாள். "நிஜம்னுதான் நெனைக்கிறேன். திருப்பிப் பாத்தாத்தான் தெரியும். வெடிப்புக்குப் பின்னாடி ஒரு வெளிச்சம் நிக்கும், அது மங்கிக்கிட்டே போகும். மங்குனா வெடிப்பு, மங்கலன்னா வேற ஏதோ. மூணு சுத்து கெடச்சாப் போதும், சொல்லிரலாம்."

உடனே கூப்பிட்டாள். அந்தப் பக்கம் இங்கிரிட், ஐரோப்பாவின் வடகோடியில் உட்கார்ந்து தொலைநோக்கிக்கு நேர அட்டவணை போடுகிற அம்மா. குமுதா ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. காலை நேரத்துக் குரல், காப்பி வாசம் வராத குறைதான். குமுதா விவரம் சொன்னாள். இங்கிரிட் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எத்தனை சுற்று தேவை?"

அதே நேரம் ஜெஞ்சாரோம் அக்கா என்னிடம், "சொன்னதுல பாதி. அதுக்கு மேல ஒரு காசு கெடையாது," என்றார். நான், "பாதிக்கு முந்தானை மட்டும் வெட்டித் தரவாக்கா?" என்றேன்.

"ஆறு," என்றாள் குமுதா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா மகள் என்பதில் சந்தேகமே இல்லை. மூன்று வேண்டுமென்றால் ஆறு கேட்க வேண்டும். அந்த அம்மா ரெண்டு என்பார், இவள் முடியவே முடியாது என்பாள், கடைசியில் மூன்றில் வந்து நிற்கும்.

"சரி, ஆறு," என்றார் இங்கிரிட். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

குமுதா கைப்பேசியைப் பார்த்தபடி நின்றாள். கல்லாவிலிருந்து அப்பா தலையை நிமிர்த்தினார்.

"என்னம்மா, கேட்டதக் குடுத்துட்டாங்களா?"

"ம்."

"ஒண்ணும் கொறைக்கலையா?"

"இல்லப்பா."

அப்பா அளவுகோலைக் கீழே வைத்தார். "அப்ப எங்கயோ தப்பு நடந்துருக்கு."

அவள் அட்டவணையைத் திறந்தாள். புதிய திட்டம் ஏற்கெனவே ஏறியிருந்தது. இவளுடைய ஆறு சுற்றும் வரிசையாகப் பச்சையில். நாலாவது முதல் ஆறாவது வரை பச்சைக்கு அடியில் சாம்பல் நிறத்தில், குறுக்குக்கோடு போட்டு, ரஞ்சனின் பெயர்.

"அவனோட மூணும் போச்சு," என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "நா காலியா இருந்த முதல் மூணுதான் நெனச்சேன். அந்தம்மா கொறைப்பாங்கன்னு…"

"கூப்புட்டுச் சொல்லு."

இங்கிரிட் எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை. புதிய கட்டளைகள் தரைநிலையத்திலிருந்து மேலே போவது மூன்று மணிக்கு. அதற்கப்புறம் தொலைநோக்கி தரவைக் கீழே அனுப்பும், ஆனால் எங்கள் பேச்சு அதற்கு எட்டாது. அடுத்தமுறை அது கட்டளை அனுப்பும் தரைநிலையத்துக்கு மேலே வரும்போது ரஞ்சனின் நட்சத்திரங்கள் நெருங்கி முடித்து விலகத் தொடங்கியிருக்கும். சுவர்க் கடிகாரம் இரண்டரையைத் தாண்டியிருந்தது.

அப்போது ரஞ்சனே கூப்பிட்டான்.

திட்டுவான் என்று காத்திருந்தோம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குமுதா, அட்டவணையைப் பாத்தன்," என்றான். "பெரிய வெடிப்போ?"

"மெலிசுதான், ரஞ்சன்."

"ஆறு சுத்து வேணுமெண்டா பின்னால கனக்க இருக்கும்போல." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரி. உன்ர கணக்கில ஆறு தேவையெண்டா வேற என்ன செய்யிறது. வெடிப்பு சொல்லிப்போட்டு வாறேல்லைத்தானே. நீ வேலையைப் பார். நான் சும்மா கேக்கத்தான் எடுத்தன்."

வைத்துவிட்டான்.

நான் அவளுக்கு அண்ணன், அதோடு வியாபாரி. எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். "அவனே விட்டுட்டான். நீ ஏன் கெடந்து துடிக்கிற? வச்சுக்க லா. ஆறு இருந்தா ஒனக்கும் நல்லதுதானே?"

"நல்லதுதான்."

"அப்புறம் என்ன?"

"அவன் நா சொன்னத நம்புறாண்ணே. ஆறுன்னா ஆறுன்னு நெனைக்கிறான்." அவள் கண் கடிகாரத்தைவிட்டு நகரவில்லை. "நம்ம கடைக்கு வந்திருந்தா மூணுன்னு புரிஞ்சிருப்பான்."

தனியாகப் பேச வழியில்லை என்றால் மிச்சம் இருப்பது பொதுத்தொடர்பு. நாலு நாட்டு ஆட்களும் எந்நேரமும் காதை வைத்திருக்கிற இடம் அது. பேசுவதும் எழுதுவதும் பதிவாகும். அதில் போய்ச் சொன்னால் இங்கிரிட்டின் காதிலும் விழும், அவளுக்கு வேலை போட்டுக்கொடுத்த பேராசிரியரின் காதிலும் விழும். குமுதா ஒருதரம் மூச்சை இழுத்துவிட்டாள். முதுகைக் கடைக்குக் காட்டி, காஞ்சிபுரம் அலமாரியைப் பார்த்து நின்றுகொண்டு அழைத்தாள்.

"இங்கிரிட், என் கோரிக்கையை மாற்ற வேண்டும். ஆறு வேண்டாம், மூன்று போதும்."

ஒரு கொரகொரப்புக்குப் பிறகு அந்த அம்மாவின் குரல் வந்தது. "புதிய தரவு ஏதும் வந்ததா?"

"இல்லை."

"பிறகு ஏன்?"

நான் அவள் முன்னால் போய் நின்று, வாயசைத்துக் காட்டினேன். மறுபடி கணக்குப் போட்டேன் என்று சொல்லு. மூன்றே வார்த்தை. யாருக்கும் நஷ்டமில்லை, மானமும் மிஞ்சும். அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் பார்க்காத மாதிரி அலமாரியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்குத் தேவை மூன்றுதான். நீங்கள் குறைப்பீர்கள் என்று நினைத்து ஆறு கேட்டேன்."

பொதுத்தொடர்பில் யாரோ இருமினார்கள்.

"நான் ஏன் குறைக்கப்போகிறேன்?" என்றார் இங்கிரிட். கோபமே இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "வெடிப்பைப் பார்த்தவர் நீங்கள். எவ்வளவு தேவை என்பது உங்களுக்குத்தானே தெரியும்? அதற்காக இன்னொருவருடையதை அழித்தேனே."

"தெரியும். மன்னியுங்கள். அவருக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்."

"நேரம் மிகக் குறைவு." தட்டச்சுச் சத்தம் கேட்டது, நின்றது. "குமுதா, இந்த மூன்று நிஜமான மூன்றா?"

"நிஜமான மூன்று."

"எனக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. ஆறு என்பது மூன்றாக இருந்தால், மூன்று என்பது ஒன்றரையாக இருக்கலாம். ஒன்றரை என்று ஒன்று கிடையாது. ஆகவே இரண்டு. மீதி நாலும் ரஞ்சனுக்கு."

இன்னொரு வார்த்தை பேசினால் பேசுகிற நேரத்துக்கு ரஞ்சனின் சுற்றுகள் போகும். "சரி," என்றாள் குமுதா.

கல்லாவில் அப்பா யாரிடமும் சொல்லாமல் முணுமுணுத்தார். "கத்துக்கிச்சு பாரு அந்தம்மா. அஞ்சே நிமிஷம்."

இனிமேல் செய்வதற்கு எதுவும் இல்லை. இங்கிரிட் புதிய திட்டத்தை முடித்து, இன்னொருவர் சரிபார்த்து, மூன்று மணிக்குள் தரைநிலையத்தின் கையில் சேர்க்க வேண்டும். சேராவிட்டால் பழைய திட்டமே மேலே போகும். இவள் வெட்கத்தைவிட்டதும் வீண், ரஞ்சனின் மூன்றரை வருடமும் வீண். திரையில் இன்னும் ஆறும் பச்சையாகவே நின்றன. குமுதா முந்தானை ஓரத்தை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். அது விற்பனைக்கு இருந்த பட்டு. அப்பா அதைப் பார்த்தும் தடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஜெஞ்சாரோம் அக்கா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். "என்னாச்சு தம்பி? யாருக்காச்சும் முடியலையா?"

"ஒரு நட்சத்திரம் செத்துப்போச்சுக்கா."

"ஐயோ பாவம். வயசானவரா?"

"ரொம்ப."

அவர் நெஞ்சில் கைவைத்து உச்சுக்கொட்டினார். துக்கத்துக்கு மரியாதையாக இரண்டு நிமிடம் பேரத்தை நிறுத்தியும் வைத்தார்.

கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டது. பச்சை மாறவில்லை. முள் பன்னிரண்டைத் தாண்டியது. குமுதா கண்ணை மூடிக்கொண்டாள். நான்தான் முதலில் பார்த்தேன். திரை ஒருமுறை வெளுத்து, மறுபடி வந்தது. முதல் இரண்டு பச்சை. அடுத்த நாலில் ரஞ்சனின் பெயர், குறுக்குக்கோடு இல்லாமல். கீழே ஒரு வரி: கட்டளை ஏற்றப்பட்டது.

"குமுதா," என்றேன். அவள் திறக்கவில்லை. "கண்ணத் தொற. ஏறிருச்சு."

அவள் பார்த்தாள். அப்படியே சேலைக்கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு சுற்றின் தரவும் இறங்கியபோது வெளியே மாலைக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் இருந்தது. சரியான இடத்தில், இதற்கு முன் எந்தப் படத்திலும் இல்லாத ஒரு புள்ளி. அதன் இடத்தை உடனே எல்லாருக்கும் அறிவித்தாள். ஆனால் மங்குகிறதா? முதல் அளவு மேலே, இரண்டாவது கொஞ்சம் கீழே. அந்தக் கொஞ்சத்தைவிட அளவின் பிழை பெரிதாக இருந்தது.

"இன்னொரு சுத்து இருந்தா அடிச்சுச் சொல்லிருவேன்," என்றாள். "இப்ப அறுவது சதவீதம்."

அதைத்தான் பொதுத்தொடர்பில் எழுதினாள். மங்குவதற்கு வாய்ப்பு அறுபது சதவீதம். யாரோ ஒருவர், எந்த நாட்டுக்காரரோ, உடனே கேட்டார்: அறுபதா, முப்பதா? கீழே இரண்டு மூன்று சிரிப்புமுகங்கள் விழுந்தன. குமுதாவின் காது சிவந்தது. அறுபது, என்று மட்டும் திருப்பி எழுதினாள்.

உடனே ரஞ்சன் கூப்பிட்டான்.

"லைன்ல எல்லாம் கேட்டன்," என்றான்.

"தெரியும்."

"எனக்கு ஒரு சுத்து கூட வந்திருக்கு, முதலாவது. நெருக்கம் அதுக்குப் பிறகுதான். கட்டளை மாத்த, மத்தியானம் கிடைக்காத வேற தரைநிலையம் ஒண்டு இப்ப கிடைச்சிருக்கு. நீ எடு. உனக்கு மூண்டு சரியாயிரும்."

குமுதா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ஆசை ஓடியதை நான் பார்த்தேன். மூன்றாவது புள்ளி, அறுபது நூறாவது, சிரிப்புமுகங்கள் வாயை மூடுவது, எல்லாம் அதில் இருந்தது.

"அது ஒனக்குத் தேவையில்லையா?"

"பரவாயில்லை, எடு."

"ரஞ்சன், விலை சொல்ற மாதிரி சொல்லாத. தேவையா, இல்லையா?"

"தேவைதான். நெருங்க முதல் எப்பிடி இருந்ததெண்டு தெரிஞ்சாத்தானே, நெருங்கினாப் பிறகு எவ்வளவு கூடினதெண்டு சொல்லலாம். ஆனா அது இல்லாமலும் சமாளிக்கலாம்."

"எவ்வளவு சமாளிக்கலாம்?"

"ஒரு பாதி."

"அப்ப வேணாம்."

"நானாத்தானே தாறன். நீ கேக்கேல்லையே."

"பாதி போயிரும்னு தெரிஞ்சும் தர்றியே, அதான் வேணாங்கிறேன்," என்றாள். "போ, ஒன் நட்சத்திரத்தப் பாரு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வலிய வந்த சரக்கை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற பிள்ளை எங்கள் வம்சத்தில் இதுவரை பிறந்ததில்லை. அப்பாவைப் பார்த்தேன், துணைக்கு. அவர் கசங்கிய பட்டு முந்தானையை நீவிக்கொண்டிருந்தார்.

பசிபிக் கடல் நடுவே ஒரு மலையில் அப்போது இருட்டு. அங்கேயிருந்த தொலைநோக்கி குமுதா சொன்ன இடத்தைப் பார்த்தது. மங்குகிறது, வெடிப்புதான் என்று அவர்கள்தான் உறுதிப்படுத்தினார்கள். எத்தனை தூரம் என்று அளந்ததும் அவர்கள்தான். அறிக்கையில் அவர்கள் பெயர் மேலே. குமுதாவின் பெயர் ஐந்தாவது வரியில், இடத்தை முதலில் அறிவித்தவர் என்று. அது அவள் வாங்கிய முதல் ஐந்தாவது வரி என்பதால், காலையில் அவளைக் கிண்டல் பண்ணாமல் இருந்தேன்.

காலையில் கடை திறந்ததும் ரஞ்சன் வந்தான். தூங்காத கண். கையில் ஒரு தாள், மடிப்பு விழாமல் பிடித்திருந்தான். கண்ணாடிமேசையின்மேல் விரித்தான். நாலு சுற்றின் வரைபடம். பின் மூன்று சுற்றிலும் கோடு மலை மாதிரி ஏறி, உடைந்து, மறுபடி ஏறியிருந்தது. முதல் சுற்றில் ஒன்றுமே இல்லை. அடிமட்டத்தில் படுத்துக் கிடந்தது.

"இதுக்கா?" என்றேன். "இந்தப் படுத்த கோட்டுக்கா எந்தங்கச்சி வந்ததை விட்டா?"

"அண்ணே, அது இல்லாட்டி மிச்சத்தை ஒருத்தரும் வாங்கமாட்டினம்," என்றான் ரஞ்சன். "மலை எவ்வளவு உயரமெண்டு தரையிலயிருந்துதானே அளக்கிறது."

குமுதா அந்த நேர்க்கோட்டின்மேல் விரலை வைத்தாள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாக இழுத்தாள்.

"நா இத எடுத்திருந்தா?"

"எடுக்கேல்லைத்தானே," என்றான் ரஞ்சன்.